ப்ளூபெர்ரி விதை போட்டோம், காய் பிடித்துவிட்டது – எப்போது நீலமாகும்?

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 5, காலை 6.40

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் வீடு. கொல்லையில் ஐந்தாறு குழி இடம் இருக்கிறது. பூவன் வாழை நாலு கட்டை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, அவ்வளவுதான். மகள் எட்டாவது படிக்கிறாள். ப்ளூபெர்ரி வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இணையத்தில் 50 விதை 180 ரூபாய்க்கு வாங்கி, ஆடிப்பெருக்கன்று தொட்டியில் தூவினோம். பத்தே நாளில் முளைத்துவிட்டது. கொல்லை மண், மாட்டெரு, கொஞ்சம் உமிச்சாம்பல் கலந்திருந்தேன்.

இப்போது முழங்கால் உயரம். சின்னச் சின்ன வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். ஒவ்வொரு காம்பிலும் நாலைந்து பச்சைக் காய் கொத்தாகத் தொங்குகிறது, மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. படம் இணைத்திருக்கிறேன். இரண்டு கேள்வி. எப்போது நீலமாகும்? ஐப்பசி மழை வரப்போகிறது, தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்ற வேண்டுமா?

மாடித்தோட்டம்_மாயவரம் | அக்டோபர் 5, காலை 7.15

படம் பார்த்தேன் அக்கா. ஒரு கொத்து இலையைக் கிள்ளி வீட்டுப் பெரியவர்கள் யாரிடமாவது காட்டுங்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

கொடிக்கால் | அக்டோபர் 5, காலை 8.02

தம்பி மழுப்புகிறார், நான் சொல்லிவிடுகிறேன். அம்மா, அது மணத்தக்காளி. நீலமாகாது, கறுப்பாகும். இன்னும் இரண்டு வாரம்.

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 5, மதியம் 1.20

என் மாமியார் பதினைந்து நாளாக இதையேதான் சொல்கிறார். "இந்தத் தொட்டிக் கீரையை எப்ப ஆயறது?" என்று தினமும் கேட்பார். நான்தான், அத்தை, இது வெளிநாட்டுச் செடி, தொடாதீர்கள் என்று தடுத்து வைத்திருந்தேன். இன்று அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

180 ரூபாய். வேலியோரம் தானாக முளைக்கிற செடிக்கு.

ஓய்வுபெற்ற_உழவன் | அக்டோபர் 5, மாலை 5.48

வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு முன்னால் அமெரிக்காவே இதில் ஏமாந்ததாகச் சண்டை போட்டிருக்கிறது. லூதர் பர்பாங்க் என்ற புகழ்பெற்ற செடி வளர்ப்பாளர் ஒரு புதிய பெர்ரியை உண்டாக்கினார். 1909இல் அதை 'வொண்டர்பெர்ரி' என்று பெயரிட்டு விற்றார்கள். வாங்கி விதைத்தவர்கள் பலர், இது வெறும் மணத்தக்காளி இனம்தானே என்று பிடித்துக்கொண்டார்கள். பத்திரிகைகளில் பெரிய ரகளை. ஆக உங்கள் 180 ரூபாய்க்கு நூறு வருடச் சரித்திரம் உண்டு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான ப்ளூபெர்ரியை விதையிலிருந்து வளர்த்தால் காய் பார்க்க இரண்டு மூன்று வருடமாகும். இரண்டு மாதத்தில் காய்த்ததுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பூவும் வேறு. அது கவிழ்த்த சிறு குடம்போலத் தொங்கும், மணத்தக்காளிப்பூ நட்சத்திரம்போல விரியும்.

நம் மண்ணுக்கு அது ஏன் வராது என்பதற்கு மூன்று காரணம். முதலாவது புளிப்பு. ப்ளூபெர்ரிக்கு மண்ணின் கார அமில நிலை 4.5 முதல் 5.5க்குள் இருக்க வேண்டும். டெல்டாவின் களிமண் பெரும்பாலும் 7க்கு மேல். நீங்களோ உமிச்சாம்பல் வேறு போட்டிருக்கிறீர்கள். சாம்பல் காரம், இன்னும் மேலே ஏற்றிவிடும். மணத்தக்காளி என்பதால் பிழைத்தது. இரண்டாவது தண்ணீர். நம் போர்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கந்தகம் போட்டு மண்ணைப் புளிக்க வைத்தாலும் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பழைய நிலைக்கே திரும்பும். மூன்றாவதுதான் தலையானது, குளிர். குறைந்த குளிரே போதும் என்று உருவாக்கிய ரகங்கள் பலவற்றுக்குக்கூட வருடத்தில் 150 மணி நேரம் போல 7 டிகிரிக்குக் கீழான குளிர் தேவை. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே குல்லாய் போட்டுக்கொள்கிறோம்.

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 5, இரவு 9.05

ஐயா, மிக்க நன்றி. தெளிவாகப் புரிந்தது. ஆனால் மகளுக்கு என்ன பதில் சொல்வது? பெர்ரி என்று பெயர் சொல்லக்கூடிய ஏதாவது ஒன்று எங்கள் கொல்லையில் வருமா?

பிஞ்சுக்கத்திரி | அக்டோபர் 5, இரவு 9.40

தாவரவியல் படித்த திமிரில் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கொல்லையில் ஏற்கெனவே பெர்ரி தோட்டம் இருக்கிறது. பூவன் வாழைப்பழம் தாவரவியல்படி பெர்ரி. தக்காளி, கத்தரி, மிளகாய், கொய்யா எல்லாம் பெர்ரி. ஒரே சூலகத்திலிருந்து வந்து, சதைக்குள் விதை இருந்தால் பெர்ரி. ஸ்ட்ராபெரி அதில் சேராது. அதில் நாம் தின்னும் சதை பூக்காம்பின் நுனி வீங்கியது, மேலே ஒட்டியிருக்கும் விதை மாதிரியான பொடிகள்தான் கனிகள். மல்பெரியும் சேராது, பல பூக்கள் சேர்ந்து ஒரு பழம்.

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 6, காலை 6.10

வாழைப்பழத்தைக் காட்டி இதுதான் பெர்ரி என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை என்று சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் ராத்திரிதானே சொன்னேன். எழுந்ததும் ஆரம்பிக்கும்.

கொடிக்கால் | அக்டோபர் 6, காலை 7.30

மல்பெரி வையுங்கள். வேறு யோசனையே வேண்டாம். எங்கள் பக்கம் திருபுவனத்தில் பட்டு நெய்கிறோமே தவிர, பட்டுப்பூச்சி தின்கிற மரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. நான் கும்பகோணம் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவன். எட்டு வருடத்துக்கு முன் ஓர் உறவினர் வீட்டிலிருந்து குச்சி கொண்டுவந்து வைத்தேன். இப்போது வெட்ட வெட்டக் காய்க்கிறது.

குச்சி எடுக்கும் விதம்: காய்த்த மரத்திலிருந்து மட்டும் எடுங்கள். மல்பெரியில் ஆண் மரம் தனியாக உண்டு, அதில் குச்சி எடுத்தால் ஆயுசுக்கும் இலைதான். ஆறேழு மாதம் முற்றிய கிளை, பென்சில் கனம், ஒரு சாண் நீளம், மூன்று நாலு கணு. அடியைச் சாய்வாகச் சீவி, ஒரு கணு மேலே தெரியும்படி ஊன்றுங்கள். தலைகீழாக ஊன்றிவிடாதீர்கள், நடக்கிறது. நிழலில் வையுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் தளிர் வரும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தளிர் வந்தால் வேர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குச்சியில் இருக்கிற சத்தை வைத்தே இலை விடும். ஆசையாக வெயிலுக்கு மாற்றினால் கருகிவிடும். இரண்டு மாதம் தொடவே கூடாது. பிடுங்கிப் பிடுங்கி வேர் பார்ப்பவர்களுக்கு மல்பெரி கிடையாது.

மஞ்சக்கொல்லை_மருமகள் | அக்டோபர் 6, காலை 8.11

முசுமுசுக்கை என்கிறார்களே, அதுவா? நாங்கள் சளிக்கு அடை தட்டுவோம்.

கொடிக்கால் | அக்டோபர் 6, காலை 8.30

இல்லையம்மா. அது சுணை உள்ள கொடி. இது முசுக்கொட்டை, மரம். பெயர் ஒட்டிக்கொண்டு வருவதால் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான்.

ஓய்வுபெற்ற_உழவன் | அக்டோபர் 6, மாலை 6.00

கொடிக்கால் சொன்னது சரி. ஒரு சேர்க்கை: மல்பெரி புதுத்தளிரில்தான் காய்க்கும். கவாத்து செய்து, இருக்கிற இலையையும் உருவிவிட்டால் புதுக்கிளை ஒவ்வொன்றிலும் இலையோடு சேர்ந்தே பூ வரும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பழம். அதனால் ஒரே மரத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பறிக்கலாம். கையெட்டும் உயரத்திலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், மரமாக விட்டால் பழமெல்லாம் குயிலுக்கு. கழிவுநீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். வேர் சும்மா இருக்காது. துணி காயப்போடும் கொடிக்குக் கீழேயும் வேண்டாம், ஏன் என்று முதல் அறுவடையில் தெரிந்துவிடும்.

நர்சரியில் 'வி1' என்று தருவார்கள். அது பட்டுப்புழுவுக்காக மைசூரில் உருவாக்கிய ரகம், பெரிய இலைக்குப் பேர்போனது. பழத்துக்காக வாங்குகிறவர் அந்தப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். காய்த்து நிற்கும் தாய்மரத்தை நேரில் பார்த்து, பழம் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்த பிறகு குச்சி எடுப்பதுதான் என் வழி.

பாலைவனத்துப்_பட்டுக்கோட்டை | அக்டோபர் 7, இரவு 11.25

வளைகுடாவில் வேலை. இங்கே கடையில் ராஸ்பெர்ரி, ப்ளாக்பெர்ரி எல்லாம் டப்பா டப்பாவாக இருக்கிறது. ஊருக்கு வரும்போது நாலு செடியோ விதையோ பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாமா? அம்மா தோட்டத்தில் செம்மண் கலந்த மணல், தண்ணீர் நிற்காது.

ஓய்வுபெற்ற_உழவன் | அக்டோபர் 8, காலை 6.20

வேண்டாம் தம்பி. வெளிநாட்டுச் செடி, விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். 2003ஆம் வருடத் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இருக்கிறது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டது. நம் நாட்டுப் பூச்சியே இல்லை, எப்படியோ வந்து சேர்ந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெள்ளையடித்ததுபோல மூடிவிட்டது. எந்த மருந்துக்கும் மசியவில்லை. மல்பெரித் தோட்டத்தில் கடுமையான மருந்தும் அடிக்க முடியாது, இலையைத் தின்கிற புழு செத்துவிடும். கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு பொடிக்குளவியை வரவழைத்து விட்டார்கள். 'அசிரோபேகஸ் பப்பாயே' என்று பெயர். கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து, ஒரு வருடத்துக்குள் அடக்கிவிட்டது. அந்த நாட்களில் நான் வேலையில் இருந்தேன். விவசாயிகள் கண்ணில் நீரோடு இலையை நீட்டியதை மறக்கவில்லை. பெட்டியில் ஒரு குச்சி கொண்டுவருவது அவ்வளவு சின்ன விஷயமில்லை.

உங்கள் அம்மா தோட்டத்து மண்ணுக்குக் களா அருமையாக வரும்.

உப்புக்காற்று | அக்டோபர் 8, காலை 10.45

களா என்றதும் வந்துவிட்டேன். வேதாரண்யம் பக்கம் எங்களுடையது. மணல், உப்புக்காற்று, கோடையில் கிணறு கரிக்கும். எங்கள் தோட்டத்து வேலி முழுக்கக் களா. 2018 நவம்பர் 16 கஜா புயல் அன்று எங்கள் தென்னை 40இல் 33 சாய்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால் களா வேலி இலை உதிர்ந்து நின்றதே தவிர ஒரு செடி பிடுங்கப்படவில்லை. மேலே தென்னை விழுந்த இடத்தில் மட்டும் நசுங்கியிருந்தது, அதுவும் தளிர்த்துவிட்டது.

தை, மாசியில் மல்லிகைபோல வெள்ளைப்பூ, வாசனையும் உண்டு. வைகாசியிலிருந்து காய். முதலில் வெளிர்பச்சை, கன்னத்தில் ரோஜா நிறம் ஏறும், பிறகு கறுஞ்சிவப்பு. காயில் ஊறுகாய், பழத்தை அப்படியே. பறிக்கும்போது பால் வரும், கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முள் ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்கும், ஆடு மாடு நுழையாது, திருடனும் நுழைய மாட்டான்.

விதை போடுவதானால் பழம் தின்ற கையோடு போட்டுவிட வேண்டும். காயவைத்து டப்பாவில் எடுத்து வைத்தால் முளைக்காது. அதனால் களா விதை பாக்கெட்டில் விற்றால் வாங்காதீர்கள். காய்க்க மூன்று வருடம்.

ஒரு கொசுறு: பேக்கரி கேக்கில், பன்னில் சிவப்பாக உட்கார்ந்திருக்கிறதே 'செர்ரி', அதில் பெரும்பாலானவை விதை எடுத்துச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயமேற்றிய களாக்காய்.

வெண்ணாற்றங்கரை | அக்டோபர் 8, மதியம் 2.15

கடைசி வரியை மகளிடம் படித்துக் காட்டினேன். பிறந்தநாள் கேக்கின் செர்ரியை எல்லாம் இத்தனை வருடம் தனக்கென்று ஒதுக்கி வைத்துச் சாப்பிட்டவள் அவள். "நம்ம வீட்ல செர்ரி மரம் வைக்கலாம்" என்று இப்போது கட்சி மாறிவிட்டாள்.

உப்புக்காற்று | அக்டோபர் 8, மதியம் 2.50

வையுங்கள், ஆனால் உங்கள் பக்கம் களிமண். களா வறட்சியைத் தாங்கும், தண்ணீர் நின்றால் தாங்காது. மேடு போட்டு வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கோடியக்கரைக் காட்டில் பாலைப்பழம் உண்டு. வெயில் காலத்தில் மஞ்சளாக, வேப்பம்பழம் அளவில், அவ்வளவு தித்திப்பு. தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். சின்ன வயதில் உழக்கில் அளந்து வாங்கித் தின்றிருக்கிறோம். வீட்டில் வைத்தால் உங்கள் பேத்திதான் காய் பார்ப்பாள், அவ்வளவு மெதுவான மரம். ஆனால் நீங்கள் வாங்கும் சப்போட்டா ஒட்டுக்கன்றின் அடிக்கட்டை பெரும்பாலும் இந்தப் பாலைதான். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் எல்லோரும் கிள்ளிவிடச் சொல்வார்கள். நான் ஒன்றைக் கிள்ளாமல் விட்டு வைத்திருக்கிறேன். சப்போட்டா இளைத்துவிட்டது. வீட்டில் திட்டு.

மாடித்தோட்டம்_மாயவரம் | அக்டோபர் 9, இரவு 8.30

எல்லோரும் களா, பாலை என்று பழம்பெருமை பேசுகிறீர்கள். பிள்ளை கேட்டது கடையில் பார்த்த பெர்ரி. ஸ்ட்ராபெரியை யாரும் சொல்லவில்லையே. நான் வளர்த்தேன். மயிலாடுதுறையில், மொட்டைமாடியில்.

போன வருடம் நவம்பர் கடைசியில் 12 செடி, ஒன்று 45 ரூபாய். மழை விட்டதும் நட்டேன். முதல் தப்பு, நாலு செடியை ஆழமாக நட்டது. ஸ்ட்ராபெரிக்கு இலையெல்லாம் கிளம்பும் ஒரு குருத்து மண்மட்டத்தில் இருக்கும். அது மண்ணுக்குள் போனால் அழுகும், ரொம்ப வெளியே நின்றால் காயும். அந்த நாலும் ஒரு வாரத்தில் போய்விட்டன. இன்னொன்றை அணில் தோண்டிவிட்டது. மிச்சம் ஏழு.

தென்னைநார்க் கழிவை இரண்டு தரம் அலசி உப்பை எடுத்து, மண்புழு உரத்தோடு கலந்தேன். போர்த் தண்ணீர் ஊற்றிய தொட்டியில் இலை ஓரம் தீய்ந்தது. ஐப்பசியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் ஊற்றியது நன்றாக இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றுக்கும் மழைத்தண்ணீர்தான், இரண்டு டிரம். காலை வெயில் பத்தரை வரை, பிறகு நிழல்வலை. அடியில் வைக்கோல் பரப்பினேன், பழம் மண்ணில் படாமல் இருக்க. நம் ஊரில் வைக்கோலுக்கா பஞ்சம்? (தரையில் நடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கறையான் வரும்.)

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் முதல் பழம். மொத்தம் 19. கொட்டைப்பாக்கு அளவு, கடையில் வருவதில் பாதிகூட இல்லை. புளிப்புத்தான் தூக்கல். ஆனால் மணம்! மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறும். பங்குனியில் பூ நின்றுவிட்டது. ஓடுதண்டு விட்டது, அதைத் தனிக் கிண்ணத்தில் வேர்பிடிக்க வைத்தேன். சித்திரையில் தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு.

கொடிக்கால் | அக்டோபர் 9, இரவு 9.00

எவ்வளவு செலவு?

மாடித்தோட்டம்_மாயவரம் | அக்டோபர் 9, இரவு 9.04

எல்லாம் சேர்த்து 900. ஒரு பழம் 47 ரூபாய் சொச்சம் வருகிறது. கணக்குப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும்.

கொடிக்கால் | அக்டோபர் 9, இரவு 9.20

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம். நிழல்வலை, மழைத்தண்ணீர், அலசிய நார், தினமும் இரண்டு வேளைக் காவல். இத்தனையும் செய்து சித்திரையில் சாகிற செடியை ஒரு குடும்பத்துக்குச் சிபாரிசு செய்யலாமா? கொடைக்கானலில் அது சும்மா காய்க்கிறது.

மாடித்தோட்டம்_மாயவரம் | அக்டோபர் 9, இரவு 9.41

சாமந்தியும் ஒரு பருவத்தில்தான் முடிகிறது. அதை யாரும் வீண் என்பதில்லையே அண்ணே. ஸ்ட்ராபெரியைக் கார்த்திகையில் வாங்கி மாசி வரை வைத்துக்கொள்ளும் பருவச்செடியாக நினைத்துக்கொள்ளுங்கள், கஷ்டமே இல்லை. நிரந்தரச் செடி என்று நினைத்தால்தான் அழுகை வரும்.

ஓய்வுபெற்ற_உழவன் | அக்டோபர் 10, காலை 6.05

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமலேயே சரியாகச் செய்திருக்கிறார். பகல் நீளம் குறைந்து, இரவு குளிர்ந்தால்தான் பெரும்பாலான ஸ்ட்ராபெரி ரகங்கள் மொட்டுக் கட்டும். பகல் நீளத்தில் நமக்குக் குறையில்லை, ஆடியிலும் 13 மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. சூடுதான் தடை. மலையில் வளர்ந்த நாற்று அங்கேயே மொட்டுக்குத் தயாராகி வரும், இங்கே வந்து பூக்கும். இங்கேயே பெருக்கிய ஓடுதண்டு அப்படிச் செய்யாது. அதனால் வருடாவருடம் புது நாற்று வாங்க வேண்டியதுதான்.

சோழநாட்டுச்_சின்னான் | அக்டோபர் 21, மாலை 4.10

தாமதமாக வருகிறேன். திருவாரூர். எங்கள் வீட்டு மல்பெரிக்குச் சின்னான் குருவியும் குயிலும் பங்காளிகள். போன மாசியில் பொறுக்க மாட்டாமல் நாகப்பட்டினத்திலிருந்து பழைய மீன்வலை வாங்கி மரத்தையே மூடினேன். மூன்றாம் நாள் காலை அடியில் நாலு முழச் சாரை சிக்கிக் கிடந்தது. வலை நரம்பு செதிலுக்குள் இறங்கி, இழுக்க இழுக்க இறுகியிருந்தது. தலையில் சாக்கைப் போட்டு ஒருவர் பிடிக்க, நான் கத்தரிக்கோலால் இழை இழையாக வெட்டினேன். ஒரு மணி நேரம். பிழைத்துப் போய்விட்டது. வயல் எலியைத் தின்று நமக்கு உழைக்கிற ஜீவன்.

அன்றோடு வலையை எரித்தேன். இப்போது காய் சிவக்கும்போது கொசுவலைத் துணியில் பை தைத்துக் கிளைக்குக் கிளை மாட்டுகிறேன். எட்டாத உயரத்தில் இருப்பது அவர்களுக்கு.

வெண்ணாற்றங்கரை | நவம்பர் 29, காலை 11.00

நிலவரம் சொல்கிறேன். கொடிக்கால் ஐயா சொன்னபடி கும்பகோணத்தில் ஒரு வீட்டில் குச்சி கிடைத்தது. எட்டு ஊன்றினேன், பையில் நாலு, தரையில் நாலு. தளிர் விட்டதும் பூரித்துப்போய் எல்லோருக்கும் படம் அனுப்பினேன்.

போன வாரம் மூன்று நாள் விடாத மழை. வெண்ணாறு கரை தொட்டு ஓடியது, கொல்லையில் கணுக்கால் தண்ணீர், வடிய ஐந்து நாள். தரையில் வைத்த நாலும் அடி கறுத்து, தொட்டால் தோல் உரிகிறது. நாற்றம் வேறு. பையில் இருந்த நாலும் திண்ணையில் ஏறியதால் தப்பின. வாழையில் ஒரு கட்டை சாய்ந்தது.

மணத்தக்காளிக்கு ஒன்றும் ஆகவில்லை. மழைக்கு முன்பே மாமியார் முற்றிய பச்சைக்காயாகப் பறித்து, உப்பு மோரில் ஊறவைத்து, வெயில் அடித்த நேரமெல்லாம் முறத்தில் காயவைத்து வற்றல் போட்டுவிட்டார். பறிக்காமல் விட்ட பழங்களை மகள் தின்கிறாள். கறுத்த பழம் மட்டும்தான், பச்சையை வாயில் போடக்கூடாது என்று ஆயா கட்டளை. வத்தக்குழம்புக்கு அவள் வைத்த பெயர் 'ப்ளூபெர்ரி குழம்பு'. வீட்டில் அது நிலைத்துவிட்டது.

ஓய்வுபெற்ற_உழவன் | நவம்பர் 29, மாலை 5.30

ஐப்பசியில் தரையில் நட வேண்டாம் என்று எச்சரிக்காதது என் தப்பு. களிமண்ணில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடையாது, புதுக்குச்சி நாலு நாள்கூடத் தாங்காது. தை பிறக்கட்டும். ஒன்றரை அடி உயரத்துக்கு, நாலடி அகலத்தில் மேடு போடுங்கள். கொல்லை மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உமி இரண்டு கூடை. சாம்பலில்லை, உமி. களிமண்ணை நெகிழவைக்க அதைவிட மலிவான பொருள் நெல் விளைகிற ஊரில் கிடையாது. மேட்டின் ஒரு பக்கம் வடிகால் வெட்டி, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதை ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். களாவையும் அதே மேட்டில் ஓரமாக வைக்கலாம்.

பாலைவனத்துப்_பட்டுக்கோட்டை | நவம்பர் 30, இரவு 12.10

பெட்டியில் ஒன்றும் கொண்டுவரவில்லை ஐயா. அம்மாவிடம் போனில் களா பற்றிச் சொன்னேன். "கொல்லைக் கோடியில இருந்ததை நீதானடா சைக்கிள் நிறுத்த இடமில்லைன்னு வெட்டினே" என்கிறார்.

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 16, மாலை 6.25

மேடு போட்டாயிற்று. பையில் இருந்த நாலில் இரண்டை மேட்டுக்கு மாற்றினேன். உப்புக்காற்று அண்ணன் சொல்லியனுப்பிய இடத்தில் களாக் கன்று இரண்டு வாங்கி ஓரத்தில் வைத்திருக்கிறேன். பையிலேயே இருக்கும் ஒரு மல்பெரி, இன்னும் இடுப்பளவுகூட இல்லை, மூன்று பழம் காய்த்தது. மகள் ஒன்று, மாமியார் ஒன்று, மூன்றாவதை நாளைக்குக் கறுக்கட்டும் என்று விட்டோம், சின்னான் கொண்டுபோய்விட்டது. பை தைக்க வேண்டும். மாமியார் சொன்னது: "இனிப்பாத்தான் இருக்கு. இதுல வத்தல் போட முடியாதே."

மாயவரத்துத் தம்பிக்கு: தனியாகக் கேட்டிருந்தீர்களே, வற்றல் கால் கிலோ எடுத்து வைத்திருக்கிறேன்.

மாடித்தோட்டம்_மாயவரம் | பிப்ரவரி 16, இரவு 8.02

ஞாயிறு மன்னார்குடியில் ஒரு கல்யாணம் அக்கா, வழியில் வாங்கிக்கொள்கிறேன். இந்த வருடம் ஸ்ட்ராபெரி 31 பழம். ஓடுதண்டில் வேர்பிடித்தது இரண்டு இருக்கிறது. பாப்பாவுக்குக் கொண்டு வரட்டுமா?

வெண்ணாற்றங்கரை | பிப்ரவரி 16, இரவு 8.10

கொண்டு வாருங்கள் தம்பி. சித்திரை வரை இருக்குமல்லவா?